காஸ் லைன் எங்கே எடுக்கிறது? வன்னி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காஸ் அடுப்புப் பூட்டுவதும் திருத்துவதும் என் வேலை. குசினிக்குள் குனிந்து கிளிப் இறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் ஆட்களுக்குச் சந்தேகங்கள் வரும். பரந்தனில் கேட்டதையே புதுக்குடியிருப்பிலும் கேட்பார்கள், மல்லாவியிலும் கேட்பார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒருநாள் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

"மாமா லண்டனில இருந்து காசு அனுப்புறார். வீட்டுக்குக் காஸ் லைன் எடுக்க எங்க எழுதிக் குடுக்கிறது? பிரதேச செயலகத்திலயோ?"

எங்கேயும் எழுதிக் கொடுக்க முடியாது. ஏனென்றால் லைனே இல்லை. மாமா சொல்வது தெருவுக்கு அடியால் குழாயில் வரும் இயற்கை வாயு. அங்கே வீட்டுக்கு வீடு மீற்றர் இருக்கும், எரித்த அளவுக்குப் பில் வரும், எங்களுக்குக் கறண்ட் வருவது போல. இலங்கையில் வீடுகளுக்கு அப்படிக் குழாய் போகவில்லை. வன்னியில் மட்டுமல்ல, கொழும்பிலும் இல்லை.

கொழும்பில் மாடிவீட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் சுவரிலிருந்து குழாயில் வருகிறதே என்று சிலர் சொல்வார்கள். அது அந்தக் கட்டடத்துக்கு மட்டும் ஓரிடத்தில் பெரிய சிலிண்டர்களை அடுக்கி, அங்கிருந்து குழாய் இழுத்தது. உள்ளே வருவது நாங்கள் தோளில் தூக்கிவரும் அதே எல்.பி. காஸ்தான். ஆக, எங்களுக்கு இருப்பது சிலிண்டர். நீலம் என்றால் லிட்ரோ கம்பனி, மஞ்சள் என்றால் லாப்ஸ் கம்பனி.

"மன்னார்க் கடலில காஸ் இருக்கெண்டு பேப்பரில வந்ததே அண்ணை. அது வந்தா எங்களுக்குப் பைப் போடுவினம்தானே?"

வந்த செய்தி உண்மை. 2011-இல் கெயர்ன் நிறுவனம் மன்னார்ப் படுகையில் துளையிட்டு இரண்டு இடங்களில் இயற்கை வாயுவைக் கண்டது. டொராடோ, பராகுடா என்று அந்தக் கிணறுகளுக்குப் பெயர். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமான கடல். 2015-இல் அந்த நிறுவனம் விட்டுவிட்டுப் போய்விட்டது. வாயு இன்னும் கடலுக்கடியில்தான் கிடக்கிறது.

ஒருநாள் எடுத்தாலும் அது முதலில் போவது மின்சாரம் எடுக்கத்தான் என்பது என் எண்ணம். குளிர் நாட்டில் ஒரு வீடு சமைக்க, குளிக்க, வீட்டைச் சூடாக்க என்று நாள் முழுக்க எரிக்கும். அதனால் தெருத் தெருவாகக் குழாய் புதைத்தாலும் போட்ட காசு திரும்பும். விசுவமட்டில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் அரை ஏக்கர் தென்னை நிற்கிறது. இரண்டு வீட்டிலும் எரிவது புட்டுக்கும் தேத்தண்ணிக்கும். இதற்கு யார் குழாய் புதைப்பான்? வீடு கட்டும்போதே "எதிர்காலத்துக்கு" என்று நிலத்துக்குக் கீழே குழாய் விட்டு சீமெந்து பூசச் சொல்கிறார்கள் சிலர். வேண்டாம், வீண் செலவு.

"சரி, சிலிண்டர்தான் எண்டா என்னென்ன வாங்கோணும்?"

சிலிண்டர், ரெகுலேற்றர், ஹோஸ், இரண்டு கிளிப், அடுப்பு. அவ்வளவுதான். முதல்முறை எடுக்கும்போது வெறுஞ்சிலிண்டருக்கும் காசு கட்டவேண்டும், உள்ளே இருக்கும் காஸுக்கும் கட்டவேண்டும். அடுத்த முறையிலிருந்து காஸுக்கு மட்டும். முதல்முறைப் பற்றுச்சீட்டைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். பிறகு சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அதைத்தான் கேட்பார்கள்.

வீட்டுக்கு 12.5 கிலோதான் தோது. லிட்ரோவில் 5 கிலோவும் 2.3 கிலோவும் உண்டு. தனியே இருக்கும் வயதானவர்களுக்கு 5 கிலோ நல்லது, தூக்கி நகர்த்தலாம். ரெகுலேற்றர் வாங்கும்போது எந்த நிறச் சிலிண்டர் என்று சொல்லி வாங்குங்கள். இடம் மாறிய ரெகுலேற்றரைத் தட்டித் திருகி ஏற்றிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ரெகுலேற்றரிலும் ஹோஸிலும் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை இருக்கவேண்டும். சந்தையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தரும் தண்ணீர்க் குழாயைக் காஸுக்குப் பூட்டச் சொன்னால் நான் பூட்டமாட்டேன், கோபித்தாலும் சரி.

கடையில் சிலிண்டரை வாங்கும்போது வாய்மூடி உடையாமல் இருக்கிறதா பாருங்கள், பிறகு நிறுக்கச் சொல்லுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பக்கத்தில் வெறுஞ்சிலிண்டரின் நிறை பொறித்திருக்கும். அதோடு 12.5-ஐக் கூட்டினால் தராசு காட்டவேண்டிய எண் வரும். நிறுக்கச் சொல்ல வெட்கப்படவேண்டாம்.

"அடுப்புக்குக் கீழ கபேட் அடிச்சிருக்கிறம். அதுக்குள்ள சிலிண்டரை வைச்சாக் கண்ணுக்குத் தெரியாது, வடிவா இருக்கும்."

வடிவாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஒரு விசயத்தை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் விளங்கிவிடும்: எங்கள் காஸ் காற்றைவிடப் பாரமானது. ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு பாரம். லண்டனில் குழாயில் வருவது காற்றைவிட இலேசு, கசிந்தால் மேலே போய் ஜன்னலால் வெளியேறும். எங்களது கசிந்தால் தண்ணீர் ஊற்றினது போல நிலத்தில் பரவும், பள்ளத்தைத் தேடும், அங்கே தேங்கி நிற்கும். மேலே கூரையோடு துவாரக் கல் வைத்திருக்கிறோம் என்பார்கள். அது புகைக்குச் சரி, எல்.பி. காஸுக்கு வேலை செய்யாது. கீழே, நிலத்தோடு ஒட்டி வழி வேண்டும். மூடிய கபேட்டுக்குள் சிலிண்டர் வைப்பது கசிவைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைப்பது மாதிரி. கபேட்தான் வேண்டுமென்றால் கதவின் அடியிலும் பக்கத்திலும் வலை அடித்துவிடுங்கள்.

ஒரு வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். குசினிக்குப் பின்புறம் கிணறு. கிணற்றுக் கட்டோடு சேர்த்து ஒரு சின்னக் கூரை போட்டு அதன்கீழ் சிலிண்டர். நிழல், குளிர்ச்சி, கையெட்டும் தூரம் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார் ஐயா. நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது கசிஞ்சா எங்க போகும்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகனைக் கூப்பிட்டு அன்றைக்கே மற்றச் சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டார். கிணறு இறைக்க மோட்டர் போடும் ஒரு பொறி போதும், வேறொன்றும் வேண்டாம்.

"வெளியில சிலிண்டரை வைச்சு, சுவரைத் துளைச்சுப் பைப்பால உள்ளுக்கு எடுத்தா மெயின்ஸ் மாதிரித்தானே?"

ஓம், வன்னியில் மெயின்ஸுக்கு, அதாவது தெருக் குழாய்க் காஸுக்கு, கிட்டப் போகக்கூடியது இதுதான். புது வீடு கட்டுபவர்களுக்கு நான் சொல்வதும் இதையே. குசினிச் சுவருக்கு வெளியே, சமதரையில், சீமெந்துக் கட்டு ஒன்று. மேலே சின்னத் தகரம், சுற்றிக் கம்பிவலை. உள்ளே இரண்டு சிலிண்டர் நிமிர்ந்து நிற்கட்டும். கிடத்தி வைத்தால் திரவம் வாய்க்கு வந்துவிடும். ஜன்னல், வடிகால், மலக்குழி மூடி எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி. கிணற்றுக்குப் பத்தடி என்பது என் கணக்கு.

சுவருக்குள்ளால் போவது செம்புக் குழாயாக இருக்கவேண்டும், இறப்பர் ஹோஸ் இல்லை. சுவரில் ஓட்டை போட்டு ஹோஸை விட்டால் உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது, செங்கல் முனை அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். செம்புக் குழாயைச் சுற்றிக் கொஞ்சம் பெரிய குழாயொன்றை உறையாகப் போட்டு, உள்ளே வந்த இடத்தில் ஒரு வால்வு, அங்கிருந்து அடுப்புக்கு மட்டும் சின்ன ஹோஸ். அந்த ஹோஸ் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். மேசனார் பூசுவதற்கு முதல் என்னைப்போல ஒருவரைக் கூப்பிட்டால் அரை நாள் வேலை. பூசி, நிறமும் அடித்த பிறகு கூப்பிட்டால் உங்களுக்கும் மனவருத்தம், எனக்கும் மனவருத்தம்.

இரண்டு சிலிண்டர் ஏன் என்றால், ஒன்று முடிந்ததும் மற்றதுக்கு மாற்றிவிட்டு ஆறுதலாக நிரப்பி வரலாம். லைன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு உண்மையில் வேண்டியது அதுதானே, இடியப்பம் அவியும்போது அணையாத அடுப்பு.

"மாமா அங்க பாவிச்ச குக்கரை சாமானோட அனுப்புறார். நல்ல சாமான். இஞ்ச பூட்டலாமோ?"

அப்படியே பூட்டக்கூடாது. அந்தக் குக்கர், அதாவது காஸ் அடுப்பு, இயற்கை வாயுவுக்குச் செய்தது. காஸ் வெளிவரும் நொசில் துளை அதில் பெரிது. ஒரே கனஅளவில் எங்கள் காஸில் இருக்கும் சூடு அதைவிட இரண்டரை, மூன்று மடங்கு, அழுத்தமும் கூட. பூட்டிப் பற்றவைத்தால் மஞ்சள் சுவாலை முழங்கை உயரத்துக்கு எழும்பும், சட்டியெல்லாம் கரி.

பல குக்கர்களுக்கு எல்.பி. காஸுக்கான சின்ன நொசில்கள் தனியாக ஒரு பொதியில் வரும். மாமாவிடம் முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள். அது இருந்தால் மாற்றித் தரலாம், குறைந்த சுவாலையையும் திருத்தவேண்டும். இல்லையென்றால் குக்கரை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு, அனுப்பும் கூலியில் இங்கே இரண்டு அடுப்பு வாங்கலாம். துளையை ஈயம் வைத்துச் சிறிதாக்கித் தருகிறேன் என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

"ஒரு சிலிண்டர் எத்தினை நாளைக்கு வரும்?"

ஒரு கிலோ எல்.பி. காஸில் ஏறக்குறைய 12.8 அலகு மின்சாரத்துக்குச் சமமான சூடு இருக்கிறது. 12.5 கிலோ என்றால் 160 அலகு. நடுத்தர பேர்னர் ஒன்று 2 கிலோவாற் அளவில் எரியும். ஆக 80 மணித்தியாலம். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் எரித்தால் 40 நாள். எங்கள் வீட்டில் நாலு பேர், ஒன்றரை மாதம் ஓடும். குத்தரிசி காஸில் அவிக்காததுதான் காரணம். அது விறகுக்கு.

"முடியப்போகுதெண்டு எப்பிடித் தெரியும்? தூக்கி ஆட்டிப் பாக்கலாமோ?"

ஆட்டவேண்டாம். ஒரு செம்பு சுடுதண்ணியைச் சிலிண்டரின் ஒரு பக்கத்தால் மேலிருந்து கீழே ஊற்றிவிட்டு, கையால் தடவிப் பாருங்கள். மேலே சூடாக இருக்கும், ஓரிடத்தில் சட்டென்று குளிரும். அந்தக் கோட்டுக்குக் கீழே திரவம் இருக்கிறது.

"கோயில் பொங்கலுக்குப் பெரிய அடுப்புப் பூட்டினம். சிலிண்டர் வியர்த்து ஒழுகுது. லீக்கோ?"

லீக் இல்லை. உள்ளே திரவமாக இருப்பது ஆவியாகித்தான் அடுப்புக்கு வருகிறது. ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டை எடுத்துக்கொள்ளும். பெரிய அடுப்பு வேகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, வெளிக்காற்றின் ஈரம் அதில் படியும். மாரி நாளில் இன்னும் கூட. சுவாலை குறைந்துபோனால் அதற்கும் இதுதான் காரணம். அந்த நேரம் சிலிண்டரைச் சூடாக்க நெருப்புக்குக் கிட்ட இழுத்து வைக்கும் ஆட்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு சிலிண்டரை ஒன்றாகப் பூட்டுங்கள், பாரம் பிரியும்.

"காஸ் மணக்குது. முதல்ல என்ன செய்யிறது?"

காஸுக்குத் தானாக மணமில்லை. கசிவு தெரியவேண்டும் என்றே அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். மணத்தால் சுவிச் ஒன்றையும் தொடவேண்டாம். போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம், இரண்டிலும் பொறி பறக்கும். சிலிண்டர் ரெகுலேற்றரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறவுங்கள், எல்லோரும் வெளியே போங்கள். பக்கத்தில் சாமி விளக்கு எரிகிறதா பாருங்கள், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஃபானைப் போட்டுவிடாதீர்கள். லிட்ரோ சிலிண்டர் என்றால் வெளியே நின்று 1311-க்கு எடுங்கள். யாருக்காவது சுட்டிருந்தால் 1990 அம்புலன்ஸ்.

எங்கே கசிகிறது என்று தேடுவது பிறகு, மணம் போன பின். சவர்க்காரத்தைத் தண்ணியில் அடித்து நுரையை மூட்டுகளில் பூசினால் கசியும் இடத்தில் குமிழி ஊதும். நெருப்புக்குச்சி உரசிக் கசிவு தேடிய ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குப் புருவம் திரும்ப முளைத்துவிட்டது.

"2021-ல நாடு முழுக்க வெடிச்சதே. அதுக்குப் பிறகு அம்மா காஸெண்டாலே பயப்பிடுறா."

அம்மாவின் பயம் நியாயமானது. அந்த ஆண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் நூற்றுக்கணக்கான வீடுகளில் அடுப்பு வெடித்தது, தீப்பிடித்தது, சில உயிர்களும் போயின. எல்.பி. காஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. புரொப்பேனுக்கு அழுத்தம் கூட. சிலிண்டருக்குள் அதன் பங்கு மாறியதுதான் முக்கியக் காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு சொன்னது. பழைய கலவைக்குத் தாங்கிய தளர்ந்த ஹோஸும் தேய்ந்த வாஷரும் புதிய அழுத்தத்துக்குத் தாங்கவில்லை. பிறகு கலவைக்கு வரம்பு வைத்தார்கள்.

எங்கள் கையில் இருப்பது மூட்டுகள்தான். ஹோஸை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், ரெகுலேற்றரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றுங்கள். வாங்கின திகதியை ஹோஸில் பேனையால் எழுதி வைத்தால் மறக்காது. இரவு படுக்கப் போகமுன் ரெகுலேற்றரை மூடுங்கள். அம்மாவிடம் அந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், பயம் பாதி குறையும்.

"கொழும்பு விலை ஒண்டு, எங்கட விலை ஒண்டு. கடைக்காரர் அடிக்கினமோ?"

எல்லாரும் இல்லை. கம்பனியே இடத்துக்கு இடம் வேறு விலை அறிவிக்கிறது, லொறிக் கூலி அதில் சேரும். லிட்ரோ காஸ் கப்பலில் வந்து கெரவலப்பிட்டியில் இறங்குகிறது, லாப்ஸ் அம்பாந்தோட்டையில். அங்கிருந்து ஏ9 வீதியால் எங்களிடம் வரும் தூரத்தை எண்ணிப் பாருங்கள். உங்கள் மாவட்டத்துக்கு அறிவித்த விலையைக் கேட்டு வைத்திருங்கள். அதற்கு மேல் கேட்டால்தான் அடிப்பது.

விலை ஏறி இறங்குவதற்கு சவூதி அராம்கோ மாதாமாதம் அறிவிக்கும் விலையும் டொலரும் காரணம். 2021 தொடக்கத்தில் கொழும்பில் 12.5 கிலோ 1,493 ரூபா. அந்த ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததும் 2,750. 2022 ஏப்ரலில் 4,860. அதுவும் கிடைத்தால்.

"அப்ப விறகடுப்பை இடிச்சுப்போட்டு டைல்ஸ் போடலாம்தானே?"

இடிக்கவேண்டாம். 2022-இல் கொழும்பில் வெறுஞ்சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு நாள்கணக்கில் சனம் காத்திருந்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கம் பட்டினி கிடக்கவில்லை. தென்னம் மட்டையும் பாளையும் வளவுக்குள்ளேயே விழுகிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்க்கு அலைந்த சனத்துக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. புகைதான் பிரச்சினை. விறகடுப்பைக் குசினிக்கு வெளியே ஒரு கொட்டிலில் வையுங்கள். காஸ் சிலிண்டர் இருக்கும் சுவருக்கு எதிர்ப்பக்கத்தில்.

"எங்களிட்ட பன்ரெண்டு மாடு நிக்குது. சாணிக் காஸ் எடுத்தா சிலிண்டரே வேண்டாமெண்டு ஒருத்தர் சொல்லுறார்."

சொல்பவர் பிழையாகச் சொல்லவில்லை. 25 கிலோ பச்சைச் சாணியிலிருந்து ஒரு கனமீட்டர் வாயு அளவில் வரும். ஒரு சின்னக் குடும்பம் ஒரு நாள் சமைக்க ஏறக்குறைய அது போதும். ஆனால் பன்னிரண்டு மாடு என்ற கணக்கு ஏமாற்றும். உங்கள் மாடுகள் பகல் முழுக்கக் குளத்தடியிலும் வயல்வெளியிலும் மேய்கின்றன, சாணியும் அங்கேதான் விழுகிறது. பட்டிக்கு வந்த பிறகு இரவில் விழுவதை மட்டும் நிறுத்துப் பாருங்கள், ஒரு கிழமைக்கு. அதுதான் உங்கள் கணக்கு. கரைக்க ஏறக்குறைய அதே அளவு தண்ணி வேண்டும், ஆவணி, புரட்டாதியில் கிணறு தருமா என்பதையும் பாருங்கள்.

அந்த வாயு சிலிண்டர் காஸ் போல இல்லை, லண்டன் குழாயில் வருவதன் தம்பி. ஆகவே மாமாவின் குக்கர் கேள்வியில் சொன்னது இங்கே தலைகீழ்: சிலிண்டர் அடுப்பு இதற்குச் சரிவராது, பெரிய துளை வேண்டும். இதற்கென்று செய்த அடுப்பை வாங்குங்கள்.

"நாங்கள் வருசத்தில ஒருக்கா, கோயில் திருவிழாவுக்குத்தான் வாறம். மிச்ச நாள் வீடு பூட்டு. சிலிண்டரைப் பூட்டினபடி விட்டிட்டுப் போகலாமோ?"

வேண்டாம். ரெகுலேற்றரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, மேலே சொன்ன வெளிக் கம்பிவலைக் கூட்டுக்குள் வைத்துவிட்டுப் போங்கள். ஹோஸையும் கழற்றி ஒரு தகரப் பேணிக்குள் போட்டு மூடுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் எலிக்கு வேறு வேலையில்லை. போன ஆடியில் ஒரு வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கமுன் ஹோஸை வளைத்துப் பார்த்தேன். சுவர்ப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நாலு பல் பதிந்திருந்தது.